ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: கதவு இடைவெளியில் தொடங்கிய ஒரு சீரமைப்பு

1960-களின் நடுவில் வண்டலூர்த் தொழிற்சாலையில் தயாராகி, கோயம்புத்தூரில் ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்றை, அதன் இன்றைய உரிமையாளர் தம் ஓய்வுக்கால வேலையாக எடுத்துச் சீரமைத்தார். நூற்பாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றியவர் என்பதால் லேத்தும் அளவுக் கருவிகளும் அவருக்குப் பழக்கம். ஆனால் ஒரு காரை முழுமையாகப் பிரித்துப் பூட்டிய அனுபவம் அதற்கு முன் இல்லை. வேலையின் பெரும்பகுதியில் உடனிருந்து குறிப்பெடுத்தவன் என்ற முறையில் இந்த ஆய்வை எழுதுகிறேன். பழைய கார் மோகத்தைப் பற்றிய பொதுப்பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஹெரால்டு போன்ற ஒரு வண்டியில் எந்த வேலை எதற்கு முன் நடக்க வேண்டும், அந்த வரிசை ஏன் மற்ற கார்களின் வரிசையிலிருந்து வேறுபடுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

பழைய காரைச் சரிசெய்வது என்றதும் முதலில் எஞ்சின், பிறகு டிங்கரிங், அதன்பின் பெயின்ட், கடைசியாக சீட் என்று ஒரு வரிசை நம் பட்டறைகளில் வழக்கமாக இருக்கிறது. அம்பாசடருக்கும் பழைய ஃபியட்டுக்கும் அது ஓரளவு பொருந்துகிறது; அவற்றில் பாடியே வண்டியின் எலும்பும் தோலுமாக இருப்பதால், தகரத்தைச் சரிசெய்யும்போதே வண்டியின் வலுவும் திரும்பிவிடுகிறது. ஹெரால்டில் வலு முழுவதும் கீழே இருக்கும் தனி இரும்புச் சட்டமான சேஸிஸில் இருக்கிறது. மேலே இருப்பவை அந்தச் சேஸிஸின்மீதும் ஒன்றோடொன்றும் போல்ட் போட்டு இறுக்கிய துண்டுகள். சேஸிஸ் கோணினால் பாடியில் எவ்வளவு பட்டி பூசினாலும் கதவு மூடாது. இந்தக் காரில் அதற்கு முன் ஒருமுறை அப்படித்தான் பட்டி பூசியிருந்தார்கள்.

ஏன் இப்படி ஒரு அமைப்பு

ஹெரால்டின் வடிவமைப்பு ஒரு வணிக நெருக்கடியில் பிறந்தது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் நிறுவனத்துக்குப் பாடி செய்துகொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் ஸ்டாண்டர்டின் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) வாங்கிக்கொண்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தரும் பெரிய பாடித் தொழிற்சாலை கைவிட்டுப்போன நிலையில், சிறிய பட்டறைகள் பலவற்றிலும் தனித்தனியே செய்து கொண்டுவந்து பூட்டக்கூடிய துண்டுகளாகப் பாடியை வகுத்து, அவற்றைத் தாங்க அப்போதே பழம்பாணியாகக் கருதப்பட்ட தனிச் சேஸிஸுக்குத் திரும்பினார்கள். வெளித்தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவானி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த அறிமுக விழாவில் துண்டுகளை மேடையிலேயே பூட்டிச் சில நிமிடங்களில் ஒரு காரை நிறுத்திக் காட்டினார்கள். விளம்பர உத்திதான், ஆனாலும் அறுபது ஆண்டு கழித்து இதைப் பிரிக்கப்போகும் ஒருவருக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

1948-ல் நிறுவப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வேன்கார்டு, ஸ்டாண்டர்ட் டென் ஆகியவற்றைத் தொடர்ந்து 1961-ல் ஹெரால்டை இங்கே கொண்டுவந்தது. ‘டிரையம்ஃப்’ என்ற பெயர் இந்திய வண்டிக்கு இல்லை. இங்கே அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் எஞ்சின் 1961-லேயே 1147 சி.சி.க்கும் பின்னர் 1296 சி.சி.க்கும் வளர்ந்தபோதும், இந்திய வண்டி கடைசிவரை 948 சி.சி. எஞ்சினிலேயே நின்றது. இங்கே மட்டும் நான்கு கதவு ஹெரால்டும் செய்தார்கள். அதற்குப் பிறகு 1970-களில் வந்த கெஸல் காரில், ஹெரால்டின் பின்சக்கரங்களைத் தனித்தனியே ஊசலாடவிட்ட அச்சு அமைப்பைக் கைவிட்டு, வழக்கமான கெட்டி அச்சைப் போட்டார்கள். இந்த வரலாறு சீரமைப்பாளருக்கு வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் எந்தப் பாகம் பொருந்தும், எது பொருந்தாது என்பதை அதுவே முடிவுசெய்கிறது. சேஸிஸ், முன் சஸ்பென்ஷன், பிரேக் பாகங்களில் பலவும் அங்கே இன்றும் கிடைக்கின்றன; 948 சி.சி. பிஸ்டன் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. இந்திய வண்டிக்கே உரிய அலங்காரப் பாகங்கள் அங்கே கிடைக்கவே மாட்டா.

எடுத்தபோது இருந்த நிலை

கார் பல ஆண்டுகளாக ஓடாமல், ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் நின்றிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தவர்கள் ‘பாடி நல்லா இருக்குதுங்க, எஞ்சின் மட்டும்தான்’ என்று சொல்லும் நிலையில் இருந்தது. எஞ்சின் இறுகியிருந்தது, பிரேக் மிதி அசையவில்லை, டயர்கள் வெடித்திருந்தன. இவை எல்லாம் எதிர்பார்த்தவையே. உரிமையாளரின் கண்ணில் உறுத்தியது இடப்பக்கக் கதவு. அதை மூட வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்துச் சற்றே மேலே தூக்கித் தள்ள வேண்டியிருந்தது. மூடிய பிறகு பார்த்தால், கதவின் பின்விளிம்புக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி மேலே ஏறக்குறைய ஒட்டிக்கொண்டும் கீழே விரல் நுழையும் அளவுக்கு அகன்றும் இருந்தது.

கீல் தேய்ந்திருக்கும் என்பதுதான் எவருக்கும் தோன்றும் முதல் விளக்கம். கீலின் ஊசிகளை லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டபின் கதவின் ஆட்டம் நின்றது, இடைவெளி மாறவில்லை. அப்போதுதான் இந்தக் காரின் அமைப்பைக் காகிதத்தில் வரைந்து பார்த்தார். ஹெரால்டில் கதவு தொங்குவது, கண்ணாடிச் சட்டமும் முன் தூண்களும் கால்வைக்கும் தளமும் சேர்ந்த முன்கூட்டில். அது போய்ப் பூட்டிக்கொள்வது, பின்சீட்டும் டிக்கியும் அடங்கிய பின்கூட்டில். இரண்டும் வெவ்வேறு துண்டுகள். சேஸிஸின்மீது தனித்தனியே போல்ட் போடப்பட்டு, நடுவில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. கதவுக்குக் கீழே வெளியில் தெரியும் நீளப் பலகை போன்ற தகடு வலுவுக்காக வைத்ததன்று, அழகுக்கான மூடிதான். எனவே கதவு இடைவெளி என்பது உண்மையில் இரண்டு கூடுகளும் ஒன்றை ஒன்று எந்தக் கோணத்தில் பார்க்கின்றன என்பதன் அளவு. அந்தக் கோணத்தை நிர்ணயிப்பது கீழே இருக்கும் சேஸிஸ். நடுவில் சேஸிஸ் தாழ்ந்தால் இரு கூடுகளும் மேற்பக்கத்தில் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். இடைவெளி மேலே குறுகும், கீழே விரியும். இந்தக் காரில் நடந்திருந்தது அதுவே.

கீழே படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சேஸிஸின் நடுத்தண்டுகள் உறுதியாகவே இருந்தன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கிளைகள், பட்டறைப் பேச்சில் அவுட்ரிகர்கள், இடப்பக்கத்தில் உள்ளிருந்தே அரித்துப்போயிருந்தன. பெட்டி வடிவில் மடித்த அந்தக் கிளைகளுக்குள் தண்ணீரும் சேறும் புகுந்தால் வெளியேற வழி குறைவு. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அரித்த இடத்தின்மேலேயே தகடு வைத்துப் பற்றவைத்து, தாரும் பூசியிருந்தார்கள். மேல்தகடு கெட்டியாக இருக்க, உள்ளே பழைய இரும்பு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. கதவின் விளிம்பில் இடைவெளியை மறைக்கப் பூசியிருந்த பட்டி அதே வேலையின் மறுபாதி.

முதலில் சேஸிஸ், அதுவும் பாடி மேலே இருக்கும்போதே

இந்தக் கட்டத்தில் எடுத்த முடிவுதான் திட்டத்தின் வெற்றியைத் தீர்மானித்தது என்று கருதுகிறேன். பாடியைக் கழற்றி, வெறும் சேஸிஸை வெளியே எடுத்து, அரித்த கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைப்பது பார்வைக்குச் சுத்தமான வழி, வேலைக்கும் வசதி. ஆனால் வெறும் சேஸிஸில் கிளைகளை வெட்டிய கணமே, அவை எந்த உயரத்தில், எந்தத் தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்கான சான்று போய்விடும். தொழிற்சாலையில் அதற்கென்று இருந்த அச்சுச் சட்டம் நம்மிடம் இல்லை. பாடியையே அச்சாகப் பயன்படுத்துவதே மாற்று வழி. இரு கூடுகளையும் ஜாக்கி வைத்து, கதவு இடைவெளி மேலும் கீழும் சமமாகும்வரை மெதுவாக உயர்த்தி, அந்த நிலையில் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் போல்ட் போட்டு நிறுத்திவிட்டு, அதன்பின் ஒவ்வொரு கிளையாக மட்டும் வெட்டி மாற்றுவது. ஒன்று குளிர்ந்து அளவு சரிபார்த்த பிறகே அடுத்தது.

அளவு பார்க்க அவர் கையாண்டது கொத்தனாரின் தூக்குக் குண்டு. சேஸிஸின் இரு பக்கத்திலும் ஒத்த புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸ் குறி வைத்து, குறிகளுக்கிடையே மூலைவிட்டங்களை அளந்தார். இரு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் சட்டம் நேர், இல்லாவிட்டால் கோணல். நடுத்தண்டுகள் நேராகவும் பக்கச் சட்டம் மட்டும் இடப்பக்கத்தில் தாழ்ந்தும் இருப்பது இதில் உறுதியானது. அதாவது வண்டி பெரிய விபத்து எதிலும் சிக்கவில்லை. அந்த ஒரு தகவல் கிடைத்ததும் உரிமையாளருக்குப் பாதிப் பாரம் இறங்கியது. நடுத்தண்டே வளைந்திருந்தால் இந்த முறை உதவியிருக்காது.

புதிய கிளைகளுக்கான தகட்டை, பழையவற்றில் அரிக்காமல் மிஞ்சியிருந்த வலப்பக்கத்துத் துண்டை மாதிரியாக வைத்து, உள்ளூர் பிரஸ் பட்டறையில் மடித்து வாங்கினார். பற்றவைத்தது சி.ஓ.டூ. வெல்டிங்கில். கேஸ் வெல்டிங்கின் வெப்பம் பரவி மெல்லிய பெட்டித் தகட்டை இழுத்துவிடும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது. டிக்கிக்குள் இடப்பக்கம் இருக்கும் பெட்ரோல் டேங்க் வெல்டிங்குக்கு முன்பே வண்டியிலிருந்து கழற்றி வெளியே கொண்டுபோகப்பட்டது. காலி டேங்கில் தங்கும் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது என்பதை வீட்டில் வேலை செய்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பிரேக் டிரம்களைத் திறந்தபோதும், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால், காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தார்கள்.

கிளைகள் எல்லாம் புதிதாகி, குறுக்குக் குழாய்களை எடுத்த பின்னும் கதவு தானாகவே மூடியதைப் பார்த்த பிறகுதான் பாடி இறக்கப்பட்டது. பானெட் முன்பக்கம் கீல் வைத்த ஒரே துண்டு. இரண்டு பேர் எடுத்துவிடலாம். கூரையும் போல்ட்தான். அதன்பின் பின்கூடு, முன்கூடு. கிரேன் எதுவும் தேவைப்படவில்லை. வெறும் சேஸிஸ் மணல் வீச்சுக்குப் போய்வந்த அன்றே எபாக்ஸி பிரைமர் அடிக்கப்பட்டது. கோவைக் காற்றில் ஈரம் குறைவு என்றாலும், மணல் வீசித் துரு நீக்கிய இரும்பை ஓர் இரவு திறந்து வைத்தால்கூட மேலே பழுப்பு படிந்துவிடும். பெட்டித் தண்டுகளுக்குள் மெழுகுக் கலவை தெளித்து, தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்த்தார்கள். பாடித் தகடுகளை மணல் வீச்சுக்கு அனுப்பவில்லை. மெல்லிய தகடு அந்த அடியில் அலையலையாக நெளிந்துவிடும்; அவற்றின் பழைய பெயின்ட் மருந்து போட்டு உரிக்கப்பட்டது.

ட்ரனியன்: சிறிய பாகம், பெரிய ஆபத்து

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பில், நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தண்டின் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ட்ரனியன் எனப்படும் வெண்கலத் துண்டு ஒரு நட்டைப் போல ஏறியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழல்கிறது. இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டியவை என்பதால் பாகங்களை மாற்றிப் போட முடியாது. இந்த அமைப்புக்குத் தேவை கியர்பாக்ஸில் ஊற்றும் வகையைச் சேர்ந்த கெட்டியான இ.பி. 90 ஆயில். நம் ஊரில் சர்வீஸ் செய்பவர்கள் கிரீஸ் துப்பாக்கியை எடுத்து மற்ற நிப்பிள்களோடு சேர்த்து இதற்கும் கிரீஸ் ஏற்றிவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாமல் மேலேயே இறுகி நிற்கும்; கீழே தண்ணீர் புகுந்து எஃகைத் துருப்பிடிக்க வைக்கும்; துருப்பிடித்த மரையின் பள்ளத்தில் விரிசல் தொடங்கி ஒருநாள் தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் மடிந்து வண்டிக்கடியில் போகும். பெரும்பாலும் முழு வளைவில் திருப்பி நிறுத்தும்போது, மெதுவான வேகத்தில் இது நடக்கிறது என்பது ஓர் ஆறுதல். அதை நம்பி நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது.

இந்தக் காரின் இரு ட்ரனியன்களிலும் காய்ந்த கிரீஸ் கட்டியாக இருந்தது. வலப்பக்கத் தண்டின் மரை சுத்தமாக இருந்தது, இடப்பக்கத்தில் துருக்குழிகள். விரிசல் காட்டும் சாயத்தை இரண்டின்மீதும் தெளித்துப் பார்த்ததில் விரிசல் ஏதும் தெரியவில்லை. கையில் லேத் பழக்கம் உள்ளவர் என்பதால், குழிவிழுந்த மரையைத் திருத்திப் பயன்படுத்தலாமா, புதிய தண்டையே கடைந்துவிடலாமா என்று உரிமையாளர் யோசித்தார். கூடாது என்பது என் கருத்தாக இருந்தது. அவரும் இறுதியில் அதையே ஏற்றார். கீல் ஊசியைக் கடைவது வேறு; அது முறிந்தால் கதவு தொங்கும். சக்கரத்தைத் தாங்கும், அடித்து உருவாக்கிய எஃகுத் தண்டை, உலோகக் கலவையும் வெப்பப் பதமும் தெரியாமல் வட்டக் கம்பியிலிருந்து கடைந்து போடுவது வேறு. இரு தண்டுகளும் ட்ரனியன்களும் இங்கிலாந்தின் உதிரிபாக வணிகரிடமிருந்து புதிதாக வாங்கப்பட்டன. முழுத் திட்டத்திலும் விலையைப் பற்றிப் பேச்சே எழாத ஒரே கொள்முதல் அதுதான். பூட்டிய பின் நிப்பிளை எடுத்துவிட்டு மூடித் திருகு போட்டார். அடுத்து யார் சர்வீஸ் செய்தாலும் கிரீஸ் துப்பாக்கி அங்கே கவ்வாது.

பின்பக்கத்தில் குறுக்காகப் படுத்திருக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கும், டிஃபரென்ஷியல் பக்கத்தில் மட்டும் கிராஸ் எனப்படும் மூட்டு வைத்த அரை அச்சுகளும் உள்ளன. பாடி இல்லாத சேஸிஸில் பின்சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே மடிந்து நிற்பதைப் பார்த்து ஸ்பிரிங் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பாரம் ஏறியதும் நேராகும். அதனாலேயே சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களுக்கான போல்ட்களை, வண்டி தன் முழு எடையோடு தரையில் நின்ற பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கேறி நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும்.

போல்ட்களைப் பற்றிய ஓர் இடைக்குறிப்பு

பட்டறைகளில் பார்க்கும் பழைய ஹெரால்டுகளின் துயரங்களில் பாதி, தவறான போல்ட்டில் தொடங்கியவை. இந்த வண்டியில் பயன்படுவது யூ.என்.எஃப்., யூ.என்.சி. எனப்படும் அங்குல மரைகள். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எட்டு மில்லிமீட்டர் போல்ட் கண்ணுக்கு அதேதான். மரையின் நெருக்கம் வேறு என்பதால் இரண்டு சுற்று ஏறி இறுகும். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை முழுவதும் அழியும். இந்தக் காரில் முன்கூட்டின் பிணைப்புகளில் அப்படி அழிந்த மரைகள் நிறையவே இருந்தன. அங்குல மரை போல்ட்களைச் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடி மொத்தமாக வாங்கி, அளவுவாரியாகப் பெட்டிகளில் போட்டுப் பெயர் எழுதி வைத்தார். பிரிக்கும்போது ஒவ்வொரு இடத்தின் போல்ட்டையும், அதனடியில் இடைவெளியைச் சரிசெய்ய வைத்திருந்த மெல்லிய ஷிம் தகடுகளின் எண்ணிக்கையோடு தனிப் பையில் போட்டுவைத்தது பின்னால் பெரிதும் உதவியது.

எஞ்சின், பெட்ரோல், மின்சாரம்

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 63 மி.மீ. துளையும் 76 மி.மீ. வீச்சும் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின், இரும்பு வார்ப்பு, சிக்கலற்றது. டீசலும் ஆயிலும் கலந்து சிலிண்டர்களில் ஊற்றி ஊறவைத்ததில் இறுக்கம் விட்டது. சிலிண்டர்கள் போர் அடிக்கப்பட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடப்பட்டது. கிராங்க் கிரைண்டிங் செய்யப்பட்டது. இத்தகைய வேலைக்குக் கோவையைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சண்டைக்கு வரலாம், ஆனால் உண்மை அதுதான். இந்த எஞ்சினில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிராங்க் முன்பின்னாக நகராமல் தடுக்கும் அரைவட்டத் தகடுகள் பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கின்றன. அவை தேய்ந்தால் ஒவ்வொரு முறை கிளட்ச்சை மிதிக்கும்போதும் கிராங்க் முன்னால் தள்ளப்படும். மிகவும் தேய்ந்தால் தகடு நழுவி, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்க் பிளாக்கையே அரைக்கும். ஓடும் நிலையில் உள்ள ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள், ஒருவரைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னே இருக்கும் புல்லி நகர்கிறதா என்று பார்த்தாலே போதும்.

எரிபொருள் பிரச்சினைக்கு இரண்டு முகங்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது. அது இல்லாத நிலையில் வெறும் வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதையும். எனவே ஹெட்டில் கடினமான எஃகு சீட் வளையங்கள் பதிக்கப்பட்டன. இரண்டாவது, 2023 முதல் படிப்படியாகப் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கரைக்கும், காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும், வண்டி நின்றுகொண்டே இருந்தால் டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரிந்து துருப்பிடிக்க வைக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது முக்கியமான செய்தி. குழாய்கள் அனைத்தும் ஃப்ளூரோ ரப்பர் வகைக்கு மாற்றப்பட்டன. பம்ப்பின் உதரவிதானமும் புதிது. வெளியே தெரியாத இந்த மாற்றங்களைக் குறைசொல்லும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. தீப்பிடித்து எரிந்த பின் அசல் ரப்பர் குழாய்க்கு மதிப்பு எது?

வயரிங் முழுவதும் பழைய நிற ஒழுங்கின்படியே புதிதாகக் கட்டப்பட்டது. டைனமோவை ஆல்டர்னேட்டராக மாற்றவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த் என்பதால், பேட்டரியை மாட்டுமுன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்வது கட்டாயம். பிரேக் நான்கும் டிரம், ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் விட்டால் நான்கும் போகும் என்பதால், வீல் சிலிண்டர்களுக்கு உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு, உலோகக் குழாய்கள், ரப்பர் குழாய்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் மாற்றினார்கள்.

மீண்டும் கதவுக்கு

பாடியைத் திரும்ப ஏற்றியபோது உரிமையாளர் பெயின்ட் அடிக்காத நிலையிலேயே ஏற்றினார். இதற்கு எதிர்ப்பு இருந்தது. துண்டுகளைத் தனித்தனியே அடித்துவிட்டு ஏற்றினால் மூலைமுடுக்கெல்லாம் பெயின்ட் சேரும் என்று டிங்கரிங் மேஸ்திரி வாதிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஹெரால்டில் இடைவெளிகளைச் சரிசெய்வது என்பது ஏற்றி, இறுக்கி, பார்த்து, தளர்த்தி, ஷிம் கூட்டி அல்லது குறைத்து, மறுபடி இறுக்குவது. இந்த ஓட்டத்தில் புதுப் பெயின்ட் பிழைக்காது. இறுதியில் இருவரும் ஒரு நடுவழிக்கு வந்தார்கள்: பிரைமரோடு முழு வண்டியையும் கூட்டி, எல்லா இடைவெளியும் சரியான பின் ஒவ்வோர் இணைப்பிலும் ஊசித்துளை போட்டு இடத்தை நிலைப்படுத்தி, மறுபடி கழற்றி, பெயின்ட் அடித்து, அந்தத் துளைகளில் கம்பி செருகி அதே இடத்தில் பூட்டுவது. வேலை ஏறக்குறைய இரட்டிப்பானது. பலன் இருந்தது.

முன்கூட்டை முதலில் நிலைநிறுத்தி, அதைத் தொடாமல் பின்கூட்டை அதற்கேற்ப நகர்த்துவது; பின்பு கதவுகள்; அதன்பின் கூரை; கடைசியில் பானெட். கூரையைக் கதவுக்கு முன்னே இறுக்கினால் அது இரு கூடுகளையும் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும், பிழையை மறைக்கும். பானெட்டுக்குக் கீலிலேயே முன்பின்னும் மேல்கீழும் நகர்த்த இடம் உண்டு. ஆனால் அது உட்காரும் அளவுகோல் கதவின் முன்விளிம்பு. எனவே கதவு சரியாகாமல் பானெட்டைத் தொட்டால், வண்டியின் இரு முனைகளையும் மாறிமாறித் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். இடப்பக்கக் கதவின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வந்தபோது கதவின் விளிம்பில் துளிப் பட்டியும் இல்லை.

பெயின்ட், இரு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் டூ-கே வகை. நிறம் டேஷ்போர்டுக்குப் பின்னால் வெயில்படாமல் மிஞ்சியிருந்த பழைய பூச்சைப் பார்த்துக் கலந்தது. அந்தக் காலத்துப் பெயின்ட்டுக்கு இவ்வளவு பளபளப்பு கிடையாது. என்னைக் கேட்டால் ஒரு படி மங்கலாகவே விட்டிருப்பேன்.

பதிவு பற்றிய முடிவு

2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் பேணப்படும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். சேஸிஸ், பாடிக் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இருக்கக் கூடாது. இத்தகைய வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு முடியாது.

மாருதி எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்றிய ஹெரால்டுகளை நம் ஊரில் பார்க்கலாம். அவற்றுக்கு இந்த வாயில் மூடியதே. இந்தக் காருக்கு அது திறந்திருந்தது. ஆனாலும் உரிமையாளர் விண்டேஜ் பதிவுக்குப் போகவில்லை. பழைய ஆர்.சி. தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டே வந்திருந்தது; அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சி வரை ஓட்ட வேண்டும். எனவே சாதாரணப் புதுப்பிப்பையே தொடர்ந்தார். இதை முன்னிட்டு, பானெட்டைத் தூக்கினால் தெரியும், வண்டியின் அடையாள எண் பொறித்த தகடு பெயின்ட்டின்போது அசல் நிலையிலேயே மறைத்துக் காக்கப்பட்டது. பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண்ணும் அப்படியே. சேஸிஸ் கிளைகளை மாற்றிய ஒவ்வொரு கட்டத்தின் படமும், பில்களும் ஒரு கோப்பில் இருக்கின்றன. பழுதுநீக்கம் எது, மாற்றம் எது என்ற கேள்வி நாளை எழுந்தால் அந்தக் கோப்புதான் பதில் சொல்ல வேண்டும்.

செலவும் மிச்சமும்

மொத்தச் செலவில் பாதிக்கும் மேற்பட்டது பாடி வேலைக்கும் பெயின்ட்டுக்கும் போனது. எஞ்சின் அதில் சிறு பங்கே. சேஸிஸ் கிளைகள் பொருளாகப் பார்த்தால் மிக மலிவு. அவை தின்றது காலத்தை. கார் சந்தையில் விற்கும் விலையோடு ஒப்பிட்டால் இது நட்டக் கணக்குதான். உரிமையாளர் அந்த ஒப்பீட்டைத் தொடக்கத்திலேயே கைவிட்டிருந்தார்.

ஓட்டிப் பார்த்ததில், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் இந்தக் காரின் ஸ்டியரிங் இன்றைய கார்களையே வெட்கப்பட வைக்கிறது. வேகமான வளைவில் நடுவழியில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வால்பக்கம் எழும்பும் இயல்பு அமைப்பிலேயே உள்ளது. எந்தச் சீரமைப்பும் அதை நீக்காது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவில் சீராக மிதித்துப் போவது ஒன்றே வழி. முதல் கியருக்கு, பற்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோமெஷ் இல்லாததால் வண்டி முழுமையாக நின்ற பிறகே அதைப் போட வேண்டியிருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் ஓட்டும்போது கரகரப்பு கேட்கத்தான் செய்கிறது. முன்கூட்டுக்கும் கூரைக்கும் இடையிலான இணைப்பில், கண்ணாடியின் இடது மூலையில், பலத்த மழைக்கு இன்னும் சொட்டுகிறது. ரப்பர் பட்டையை மாற்றியும் நிற்கவில்லை. கூரையைத் தளர்த்தி அந்த மூலையில் ஒரு ஷிம்மைக் குறைத்துப் பார்ப்பதாகத் திட்டம். அதைச் செய்தால் கதவின் மேல் இடைவெளியை மறுபடி அளந்தாக வேண்டும்.